ஐந்து பேரைத் தாங்கும் வண்டி

மகாதேவனுக்கு எதையும் வாய்விட்டுக் கேட்டு வாங்கத் தெரியாது. குழம்பில் உப்பு இல்லையென்றால் உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஆபீசில் மூன்று முறை பதவி உயர்வு தள்ளிப்போனது. ஒரு முறைகூட ஏன் என்று கேட்டதில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை அழாமலே ஐம்பத்தெட்டு வயதுக்கு வந்துவிட்டது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து 1971-இல் ரயிலேறிப் புனே வந்தவர். விஷ்ராந்த்வாடிக்குப் பக்கத்தில், திகியில் இருந்த ஒரு ராணுவ அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. லாரியின் அச்சு, பாலத்தின் மூட்டு, டாங்கியின் மூடி என்று எதைச் சொன்னாலும் வரைந்து கொடுப்பார். முப்பத்து நாலு வருஷம் கோடு போட்டே சம்பளம் வாங்கினார். போட்ட கோட்டில் எதையும் அவர் ஓட்டிப் பார்த்ததில்லை, பாதியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் குறையோ என்னவோ, 2002-இல் ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, பச்சைப் பெயிண்ட் உரிந்த நிலையில் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கதவு கிடையாது. கூரை என்று ஒரு தார்ப்பாய். முன்னால் இரண்டு பேர், பின்னால் எதிரெதிர் பலகையில் நாலு பேர் உட்காரலாம்.

மனைவி சந்திரிகா மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, இதுல யாரு ஏறுவா?"

"எல்லாரும்தான்" என்றார்.

முதலில் முகத்தைச் சுளித்தவள்தான், ஒரு மாதத்தில் அதிலேயே மார்க்கெட்டுக்குப் போய்வரப் பழகிக்கொண்டாள். அந்த வருஷம் முதல் மழைக்குத் தாம்ஹிணி மலைப்பாதைக்குப் போனார்கள், அவர்கள் இரண்டு பேர் மட்டும். ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடிய ஓடைக்குள் ஜீப்பை இறக்கியபோது தண்ணீர் பானெட்டின் மேல் அடித்து இருவர் முகத்திலும் விழுந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சந்திரிகா வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அடுத்த மழைக்கு எல்லாரையும் அழைத்துவர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்குள் பேத்தி பிறந்துவிட்டாள். மகன் ஷ்ரேயஸும் மருமகள் ஸ்ரீவித்யாவும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மகர்பட்டாவில் ஏழாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சந்திரிகா மூன்று மாதம் என்று சொல்லிப் போனாள். பிறகு குழந்தை தவழட்டும் என்றார்கள். பிறகு நடக்கட்டும் என்றார்கள். பார்கவி நடந்து, ஓடி, சோபாவிலிருந்து குதிக்கவும் ஆரம்பித்தாயிற்று. வருஷம் இரண்டரை ஆகியும் சந்திரிகா திரும்பவில்லை.

சண்டை ஒன்றும் இல்லை, அது நன்றாகத் தெரிய வேண்டும். மருமகள் தங்கமான பெண். ஆனால் குழந்தையின் அறையில் பாட்டிக்கு ஒரு கட்டில் போட்டால் தாத்தாவுக்கு இடமில்லை. அவருக்கோ ரிடையராக இன்னும் இரண்டு வருஷம் பாக்கி, ஆபீஸ் திகியில். போதாததற்கு அந்த அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒரு வண்டிதான் நிறுத்தலாம். எல்லாக் காரணங்களும் நியாயமான காரணங்கள். ஒரே ஊரில் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் புருஷனும் பெண்டாட்டியும் போனில் குடும்பம் நடத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மகர்பட்டாவுக்குப் போவார். கேட்டில் இருக்கும் காவலாளி ஜீப்பை வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு நோட்டை நீட்டுவான். பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க. மகாதேவன் ஒவ்வொரு வாரமும் தன் அழகான எழுத்தில் மகன் பெயரை எழுதுவார். ஒரு நாள் மட்டும், என்ன தோன்றியதோ, 'மிஸஸ் மகாதேவன்' என்று எழுதினார். காவலாளி அதைப் படிக்கக்கூட இல்லை.

மதியம் சாப்பாடு, குழந்தையோடு கொஞ்ச நேரம், நாலு மணிக்குக் காபி, ஐந்துக்குக் கிளம்பிவிடுவார். சந்திரிகா ஒரு டப்பாவில் பருப்புப்பொடியும் இன்னொன்றில் வற்றல் குழம்பும் போட்டுக் கொடுப்பாள். விஷ்ராந்த்வாடி வீட்டில் அதுதான் வியாழன்வரைக்கும் ஓடும்.

வெள்ளிக்கும் சனிக்கும் அதுவும் கிடையாது. சனிக்கிழமை விடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏதாவது மலையடிவாரத்துக்குப் போவார். கல்லும் சேறுமான பாதையில் ஒரு மணி நேரம் ஏறி இறங்குவார். எங்காவது ஒரு ரோட்டோர டீக்கடையில் அவல் போஹாவும் டீயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். கடைக்காரன் "ஏக்?" என்று விரலைக் காட்டிக் கேட்பான். அவர் தலையை ஆட்டுவார். சில சனிக்கிழமைகளில் அந்த ஒரு தலையாட்டலோடு அவருடைய பேச்சு முடிந்துவிடும்.

இப்படி வாரத்தில் ஐந்து நாள் தார் ரோட்டில் ஆபீசும், ஆறாம் நாள் கல்லிலுமாக ஓடியதில் வண்டியின் பட்டைகள் களைத்துப்போயின. ஜீப்பின் உடம்பை அச்சின்மேல் தாங்குவது இந்தப் பட்டைகள்தான். வில்போல வளைந்த எஃகுத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். அவை தட்டையாகிவிட்டதால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி விழுந்தது, நேராக மகாதேவனின் இடுப்பில். டாக்டர், ஒன்று வண்டியை விற்றுவிடுங்கள், இல்லை சரிசெய்யுங்கள் என்றார்.

விற்பதா! மகாதேவன் ஒரு மாதம் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணினார். பிரவுசிங் சென்டரில், ஜீப்பைப் பற்றி ஆஸ்திரேலியாக்காரன் எழுதியதையெல்லாம் அச்செடுத்துவந்து சிவப்பு மையில் அடிக்கோடிட்டார். கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. தனி ஆள் ஆபீஸ் போகிற வண்டிக்குப் பட்டை மெலிதாக, இளக்கமாக இருக்க வேண்டும். குடும்பத்தை ஏற்றி மலையேறுகிற வண்டிக்குப் பட்டை கூடுதலாக, விறைப்பாக இருக்க வேண்டும். ஐந்து பேருக்குப் போட்டால் ஒருவரைத் தூக்கித் தூக்கி அடிக்கும். ஒருவருக்குப் போட்டால் ஐந்து பேர் ஏறியதும் தரையில் உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒன்று போடலாம் என்று எழுதியவன் எவனும் தன் வண்டியில் அதைப் போட்டதாக எழுதவில்லை.

கசார்வாடியில், பழைய மும்பை ரோட்டின் ஓரத்தில் முகமது ரஃபீக்கின் பட்டறை இருந்தது. வாணியம்பாடிக்காரர், நாற்பது வயது இருக்கும், பட்டை வேலையில் கெட்டிக்காரர் என்று ஆபீஸ் டிரைவர் ஒருவர் சொல்லியிருந்தார். புனேயில் தமிழ் பேசுகிற மெக்கானிக் கிடைத்ததே பெரிசு என்று மகாதேவன் தன் காகிதக் கட்டோடு போய் நின்றார்.

ரஃபீக் காகிதங்களை மரியாதையாக வாங்கி மரியாதையாக ஓரமாக வைத்தார். பிறகு ஒரு கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து உள்ளே போனார். டார்ச் வெளிச்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. இஞ்ச் டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் அவர் வெளியே வரவில்லை.

"இந்தப் பட்டை எப்போ போட்டது சார்?" குரல் மட்டும் வந்தது.

"வண்டி வாங்கினப்போ. மூணு வருஷம் ஆச்சு. நாலு சக்கரத்துக்கும் புதுசு."

"ரெண்டு பக்கமும் ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்தான்."

ரஃபீக் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். எந்தப் பட்டறைக்காரரும் முதலில் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார். "வண்டியில எத்தினி பேர் போவீங்க சார்?"

இதற்குப் பதில் சொல்ல மகாதேவனுக்கு ஒரு மாதமாக நேரம் இருந்தது. இருந்தும் ஜீப்பின் பின்பலகையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அஞ்சு பேர்" என்றார். "நான், ஆத்துக்காரி, பையன், மாட்டுப்பொண்ணு, பேத்தி."

ரஃபீக் அவரையே ஒரு கணம் பார்த்தார். "சரி சார். அஞ்சு பேருக்கே போட்டுடலாம். பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூடுதலா வெச்சு, வளைவு ஏத்தித் தர்றேன். ஆனா ஒண்ணு. கடைசியா உயரம் அளக்கற அன்னிக்கி அஞ்சு பேரும் வந்து வண்டியில உக்காரணும்."

"எல்லாருமா? மொத்த எடையைச் சொன்னாப் போறாதா?"

"போதாது சார். ஆளுங்களை உக்கார வெச்சுதான் நான் பட்டை கட்டுவேன். நம்ம பட்டறையில அதான் வழக்கம்."

மகாதேவன் வெளியே முணுமுணுத்தார், உள்ளே அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னோடு வாருங்கள் என்று அவரால் கேட்க முடியாது. மெக்கானிக் வரச்சொன்னான் என்றால் கேட்கலாம் இல்லையா? அது வேறு.

எடைக் கணக்கையும் விடவில்லை. டிராஃப்ட்ஸ்மேன் புத்தி எங்கே போகும். அன்று மாலை சந்திரிகாவுக்குப் போன் செய்தார்.

"நீ எவ்வளவு வெயிட்டு?"

"என்னது?"

"ஜீப்புக்கு வேணும். ஷ்ரேயஸ் எவ்வளவு, குழந்தை எவ்வளவு, அப்பறம்... ஸ்ரீவித்யா எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு."

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சந்திரிகா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "உங்களுக்குப் புத்தி பேதலிச்சுடுத்தா? மாட்டுப்பொண்ணோட வெயிட்டை மாமனார் கேக்கறாராம்னு நான் போய்ச் சொல்லவா? அவளே டயட்டுன்னு பட்டினி கிடக்கறா."

"சரி, அம்பத்தஞ்சுன்னு போட்டுக்கறேன்."

"அறுபதுன்னு போட்டுக்கோங்கோ" என்றவள் சிரித்துவிட்டாள். "எனக்கும் அறுபதுன்னே போடுங்கோ. அறுபத்தேழை எழுதி யாருக்குக் காட்டப்போறேள்."

அன்று ராத்திரி அவர் கிராஃப் தாளில் ஜீப்பைப் பக்கவாட்டில் வரைந்து, ஐந்து பேரையும் அவரவர் இடத்தில் உட்கார வைத்தார். முன்னால் இடது பக்கம் சந்திரிகா. பின்னால் ஷ்ரேயஸும் ஸ்ரீவித்யாவும் எதிரெதிராக. குழந்தையைப் பாட்டி மடியில் வைப்பதா, அம்மா மடியில் வைப்பதா என்று அழித்து அழித்து மூன்று முறை வரைந்தார். பாட்டி மடிதான் பேலன்ஸுக்கு நல்லது என்று முடிவாயிற்று.

பட்டை தயாராகிவிட்டது. உட்காரப்போகிற ஆட்கள்தான் தயாராகவில்லை.

முதல் ஞாயிறு ஷ்ரேயஸ், "அப்பா, திஸ் சண்டே டிப்ளாய்மென்ட் இருக்கு. அமெரிக்காக்காரன் கூட கால். நெக்ஸ்ட் வீக் பக்கா" என்றான். அடுத்த ஞாயிறு ஸ்ரீவித்யாவின் தோழி வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். "சாரி மாமா, மறந்தே போயிட்டேன், போன மாசமே வரேன்னு சொல்லிட்டேன்" என்று அந்தப் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள். மூன்றாம் ஞாயிறு புனேயே வெளியே தலைகாட்ட முடியாத மழை. ஜீப் ரஃபீக்கின் பட்டறையில் மரக்கட்டைமேல் ஏறி நின்றது. மகாதேவன் ஆபீஸ் பஸ்ஸில் போய்வந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரஃபீக்குக்குப் போன் செய்து, "இந்த வாரம் நிச்சயம்" என்பார். "அவசரமே இல்ல சார்" என்பார் ரஃபீக்.

நாலாவது ஞாயிறு எல்லாம் கூடிவந்தது. முந்தின ஞாயிறே சந்திரிகா போனில் தன் வாயால் சொன்னாள். "பத்து மணிக்கு நாங்க கார்ல நேரா கசார்வாடி வந்துடறோம். அளந்து முடிச்சதும் அப்படியே தாம்ஹிணி போலாம்." அவள்தான் தாம்ஹிணி என்றாள். அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மகாதேவன் ஒரு வாரம் நெஞ்சு நிமிர்த்தி நடந்தார்.

சனிக்கிழமை நினைவுபடுத்தலாமா என்று போனைக் கையில் எடுத்தார். தொந்தரவாகப் போய்விடும் என்று வைத்துவிட்டார். இந்த மனுஷர் வேறென்ன செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே கசார்வாடி போய்விட்டார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பை. அதில் இரண்டு துண்டு, ஒரு ஃபிளாஸ்க் பால், குழந்தைக்குப் பிஸ்கெட். ரஃபீக் வண்டியைத் தரையில் இறக்கி, கழுவி, பின்பலகையில் பழைய மெத்தைகூடப் போட்டு வைத்திருந்தார். வேலை செய்கிற இரண்டு பேரை லீவு நாளில் அளப்பதற்காக வரச்சொல்லியிருந்தார்.

பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. ரோட்டில் வெள்ளைக் கார் வரும்போதெல்லாம் மகாதேவன் எழுந்து நின்றார். ஷ்ரேயஸின் கார் வெள்ளை. புனேயில் பாதிக் கார் வெள்ளை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பதினொன்றுக்கு ரஃபீக் டீ வரவழைத்தார். பதினொன்றரைக்கு, "டிராஃபிக்கா இருக்கும் சார், நாசிக் ஃபாட்டா ஜங்ஷன்ல எப்பவும் அடைச்சுக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாசிக் ஃபாட்டா காலியாகக் கிடக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு மகாதேவன் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் சந்திரிகா எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். பாட்டுச் சத்தம், குழந்தைகள் கத்தல்.

"சொல்லுங்கோன்னா. சரியாக் காதுல விழலை, மால்ல இருக்கோம். பார்கவிக்குச் செருப்பு வாங்க வந்தோம்..." என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நின்றாள். "ஐயோ. இன்னிக்கா?"

மகாதேவன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லை, இல்லை" என்றார். "அதைச் சொல்லத்தான் பண்ணினேன். இங்க வேலை முடியலை. ஏதோ போல்ட் வரலையாம். நீங்க கிளம்பிடப் போறேளேன்னுதான்... நீங்க பாருங்கோ. நல்ல செருப்பா வாங்கு."

"நிஜமாவா? அப்பாடா. நான் பயந்தே போயிட்டேன். ஒரேயடியா மறந்துட்டேன்னா, என்னமோ இந்த வாரம் முழுக்க..."

"அதனால என்ன" என்றார். போனை வைத்துவிட்டார்.

போல்ட்டெல்லாம் போட்டு இறுக்கிய வண்டிக்குப் பக்கத்தில் ரஃபீக் நின்றுகொண்டிருந்தார். தமிழ் தெரிந்த மெக்கானிக் கிடைத்ததே பெரிசு என்று நினைத்தோமே, இப்போது அவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று மகாதேவனுக்குத் தோன்றியது.

பையைத் திறந்து பிஸ்கெட்டை எடுத்து வேலையாட்கள் இருவரிடமும் கொடுத்தார். பிறகு ஜீப்பின் முன்பக்கம் வந்து நின்றார்.

"ரஃபீக் பாய். ஒரு ஆளுக்குப் போடுங்கோ."

"சார்?"

"ஒரே ஆளு. நான் மட்டும்தான் போவேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். பொய் சொல்லிட்டேன்."

ரஃபீக் தரையைப் பார்த்தார். "தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரியும். அடியில படுத்துப் பாத்தேன் இல்ல. ஒரே நாள்ல போட்ட பட்டை. வலது பக்கம் ஒண்ணே முக்கா இஞ்ச் கூடுதலா உக்காந்துபோச்சு. இடது பக்கம் அவ்வளவா உக்காரலை."

மகாதேவனுக்குத் தன் தொழில் கைகொடுத்தது. "பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கே. அந்த வெயிட்டு..."

"டாங்குக்கு முக்கா இஞ்ச் கழிச்சாச்சு சார்." ரஃபீக் ரொம்ப மெதுவாகச் சொன்னார். "பாக்கி ஒரு இஞ்ச் நீங்க. இடது பக்கம் ரொம்ப நாளா யாருமே உக்காரலை."

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. மகாதேவன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் நேர்க்கோடு போட்ட மனுஷர், தன் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம்.

"தெரிஞ்சும் ஏன் அஞ்சு பேரையும் அழைச்சுண்டு வரச் சொன்னேள்? வழக்கம்னு சொன்னேளே. எல்லார்கிட்டேயும் கேப்பேளா?"

"இல்ல சார். மணல் மூட்டைதான் வெப்போம்." ரஃபீக் தலையைச் சொறிந்தார். "அஞ்சு பேர்னு நீங்க சொன்ன மாதிரி... எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. நான் கூப்பிட்டேன்னு சொன்னா வருவாங்களோ, ஒருநாளாச்சும் எல்லாரும் சேந்து உக்காருவீங்களோன்னு... தப்பா எடுத்துக்காதீங்க."

மகாதேவன் ஜீப்பின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல்தான். இஸ்திரி போட்ட சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரஃபீக் வேலையாட்களை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஸ்பானரை எடுத்துத் தானே வேலையை ஆரம்பித்தார்.

கூடுதலாக வைத்த பட்டைகளைக் கழற்றினார். வலது பக்கத்தில் மட்டும் ஒன்றை விட்டுவைத்தார். மகாதேவனை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்து நாலு மூலையிலும் உயரம் அளந்தார். தனி ஆள் உட்கார்ந்தால் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும்படி செய்துவிட்டார். கழற்றிய பட்டைகளைக் கம்பியால் கட்டி வண்டியின் பின்னால் போட்டார். "அவங்க வந்தா எடுத்துட்டு வாங்க சார். ஒரு மணி நேர வேலை."

வண்டி அருமையாக ஓடியது. போசரி வழியாக வரும்போது ரோட்டில் இருந்த பள்ளமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இடுப்பில் ஒரு அடி விழவில்லை. ஒரு ஆளுக்கு இவ்வளவு சுகமாக இருக்கிறதே என்பதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஆகஸ்டும் செப்டம்பரும் போயின. நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சந்திரிகா வருவதாகப் போன் செய்தாள். மகாதேவன் வீட்டை இரண்டு முறை பெருக்கினார், அவள் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டார். அவள் ஆட்டோவில் வந்து இறங்கி, செருப்பைக்கூட ஓரமாக விடாமல் பரணைப் பார்த்தாள். "கொலு பொம்மையெல்லாம் அங்க எடுத்துண்டு போயிடலாம்னு. பார்கவிக்கு இப்பதான் புரியற வயசு."

அவர் ஏணி வைத்துப் பரணில் ஏறினார். பழைய புடவையில் சுற்றிய பொம்மைகளை ஒவ்வொன்றாக இறக்கி டிரங்குப் பெட்டியில் அடுக்கினார். பெட்டியை ஜீப்பின் பின்னால் நடுவில் வைத்தார். சந்திரிகா முன்னால் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

கல்யாணி நகர் தாண்டும்போது அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, வண்டி இந்தப் பக்கம் சாயறதே? ஏதாவது ரிப்பேரா?"

"இல்லை. நீ உக்காந்துண்டிருக்கே இல்லையா. அதான்."

அவளுக்குப் புரியவில்லை. பின்னால் ஏதோ கணகணவென்றது. "அது என்ன இரும்பு?"

"உங்களுக்காகப் போட்ட பட்டை. யாரும் வரலை. கழட்டிட்டேன்." அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். "அன்னிக்குப் போல்ட் வரலைன்னு சொன்னது பொய். ஒன்பது மணியிலேர்ந்து காத்துண்டிருந்தேன்."

சந்திரிகா அவர் பக்கம் திரும்பினாள். பிறகு பின்னால் கிடந்த இரும்பைப் பார்த்தாள். முண்ட்வா பாலத்துக்குக் கீழே ஆறு கலங்கலாக ஓடியது.

"சந்திரி" என்றார் மகாதேவன். குரல் தனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "எனக்குத் தனியா இருக்க முடியலை. நீ ஆத்துக்கு வந்துடேன்."

மகர்பட்டா கேட்வரைக்கும் அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். முந்தானையால் ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் பார்த்தார். ஷ்ரேயஸ் கீழே வந்து டிரங்குப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினான். "அப்பா, ஸ்மூத்தா வந்துதா? பொம்மை எதுவும் பிரேக் ஆகலையே?" என்றான்.

"எதுவும் உடையலை" என்றார்.

"யோசிக்கறேன்னா" என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சந்திரிகா இறங்கினாள். அவள் இறங்கியதும் வண்டி மெதுவாக எழுந்து நேராயிற்று.

அடுத்த சனிக்கிழமை அவர் மலைக்குப் போகவில்லை. கசார்வாடிக்குப் போய், கம்பியால் கட்டிய பட்டைகளைத் தானே தூக்கிக் கீழே வைத்தார்.

"இதுல ஒண்ணை எடுத்து இடது பக்கம் போட்டுடுங்கோ. ரெண்டு பேருக்கு."

"தனியா ஓட்டும்போது மறுபடி வலது பக்கம் சாயும் சார்."

"சாயட்டும்."

"அம்மா வந்துட்டாங்களா?"

"இல்லை."

"வராங்களா?"

"தெரியலை" என்றார் மகாதேவன். "கேட்டிருக்கேன்."

ரஃபீக் ஜாக்கை எடுத்துவந்து இடது பக்கச் சக்கரத்துக்கு அருகில் வைத்தார்.